காணிக் கச்சேரியும் மாகாண சபையும்: காணி நிருவாக மாற்றம் பற்றிய ஒரு நோக்கு

இலங்கையின் காணிப் பிரச்சினை பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் ஒப்பந்தங்களையும் அரசியலமைப்பு ஏற்பாடுகளையுமே ஆதாரமாகக் கொள்கின்றன. காணியற்ற விவசாயியின் நிலையிலிருந்து நோக்குமிடத்து, அனுமதிப்பத்திரத்தில் ஒப்பமிடும் அலுவலர் யார், அவர் யாருக்குப் பொறுப்புடையவர் என்பதே முதன்மையான வினாவாகின்றது. அவ்வினாவையே நாம் இங்கு எடுத்துக்கொள்கின்றோம்.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடுகளையும் தரிசு நிலங்களையும் மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியனவெனக் கொண்டது. பெருந்தோட்ட முதலாளித்துவத்துக்கு வழிவகுத்த இச்சட்டத்தினால் அரசே நாட்டின் மிகப்பெரிய நிலவுடைமையாளனாயிற்று. அந்நிலத்தின் ஒரு பகுதியைக் குடியானவருக்குப் பங்கிட 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் இடமளித்தது. பங்கீட்டுக்கான விசாரணை 'காணிக் கச்சேரி' எனப்பட்டது. விண்ணப்பகாரர் அழைக்கப்பட்டு, சொந்தக் காணி உண்டா, குடும்பத்தில் எத்தனை பேர் என வினவப்பட்டனர். தெரிவு அரசாங்க அதிபரின் பொறுப்பிலிருந்தது. அவரோ கொழும்பின் அலுவலர். எமது கிராமங்களில் 'கச்சேரி' என்ற சொல் அரசாங்கம் என்பதற்கே ஈடாக வழங்கியமை வியப்புக்குரியதன்று. கிடைத்த காணியும் முழு உடைமையாகவில்லை. அதனை விற்பதற்கும் துண்டாடுவதற்கும் தடையிருந்தது.

இத்தெரிவதிகாரத்தைப் பிரதேச சபைகளுக்கு வழங்க 1957ஆம் ஆண்டின் பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தம் இணங்கியது. மறு ஆண்டே அது கைவிடப்பட்டது.

1987இல் நிறைவேறிய பதின்மூன்றாவது திருத்தம் காணியை மாகாண சபைப் பட்டியலிற் சேர்த்தது. ஆயினும் அதன் பின்னிணைப்பு, அரச காணி தொடர்ந்தும் குடியரசிடமே இருக்குமெனவும், மாகாண சபையின் ஆலோசனையின்பேரில் சனாதிபதியே அதனைப் பராதீனப்படுத்துவாரெனவும் விதித்தது. சகல மாகாணங்களும் அங்கம் பெறும் தேசிய காணி ஆணைக்குழு கொள்கை வகுக்க வேண்டுமெனவும் கூறியது. அவ்வாணைக்குழு அமைக்கப்படவேயில்லை. இதனினும் குறைவாகக் கவனிக்கப்பட்ட மாற்றம் 1992இல் நிகழ்ந்தது. அவ்வாண்டின் 58ஆம் இலக்கச் சட்டம் அரசாங்க அதிபரின் அதிகாரங்களைப் பிரதேச செயலாளரிடம் மாற்றியது. கச்சேரி கிராமத்தை அண்மித்தது. அலுவலரோ மத்திய அரசின் அலுவலராகவே நீடித்தார். அதிகாரம் பரவலாக்கப்பட்டதென இதனைக் கூறுதல் பொருந்தாது. மத்தியின் கை மேலும் நீண்டது என்பதே எமது கருத்து.

நீதிமன்றங்களின் போக்கும் ஒரே சீராக அமையவில்லை. புனிதப் பிரதேசங்களைப் பிரகடனஞ்செய்யும் அதிகாரம் கோரிய நகர, நாட்டுத் திட்டமிடல் திருத்தச் சட்டமூலத்தை முதலில் மாகாண சபைகளுக்கு அனுப்பவேண்டுமென 2011இல் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. இரண்டே ஆண்டுகளில், கண்டி மாகாண மேல் நீதிமன்றத்தில் ஒரு தோட்டக் காணி தொடர்பாகத் தொடங்கிய வழக்கில், அரச காணி மத்திக்கே உரியதென அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மாகாணத்திடம் அதிகாரம் வந்துவிட்டாற் காணியற்றோர்க்குக் காணி கிடைத்துவிடுமென நாம் கருதவில்லை. யாழ்ப்பாணத்தின் நிலவுடைமை சாதியமைப்போடு பின்னிப்பிணைந்தது. அதனைத் தீண்டாத மாகாண சபை புதியதொரு கச்சேரியாகவே அமையும். ஆனால் அச்சோதனைக்கே வாய்ப்பு ஏற்படவில்லை. வட மாகாண சபைக்கான முதலாவது தேர்தல் 2013 செப்டெம்பர் 21இல் நடைபெற்றது. மேற்கூறிய தீர்ப்பு ஐந்து நாட்களின் பின் வெளியாயிற்று. 2018 ஒக்டோபரில் அச்சபையின் பதவிக்காலம் முடிவுற்றபோதும், அனுமதிப்பத்திரங்கள் பிரதேச செயலகங்களிலேயே எழுதப்பட்டு வந்தன.