ஹோலி கிரெயில்: இயேசுவின் புனிதக் கிண்ணம் இப்போ எங்கே? கதை தொடங்கியது எப்படி?

சிலுவையில் அறையப்படுவதற்கு முந்தைய இரவு, இயேசு தன் சீடர்களோடு உணவருந்தியபோது பயன்படுத்திய கிண்ணம்தான் 'ஹோலி கிரெயில்' என்று சொல்லப்படுகிறது. 1989-ல் வெளியான இண்டியானா ஜோன்ஸ் படத்திலும் இதைத் தேடித்தான் ஹீரோ அலைவார். ஆனா, முதன்முதலில் எழுதப்பட்ட கதையில் கிரெயில் ஒரு கிண்ணமே இல்லை!

பைபிள் என்ன சொல்கிறது?

இயேசு கிண்ணத்தை எடுத்துச் சீடர்களுக்குக் கொடுத்தார் என்று நற்செய்திகளில் இருக்கு. அந்தக் கிண்ணம் எதனால் ஆனது, பிறகு எங்கே போனது என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை.

தட்டு கிண்ணமானது எப்படி?

12-ம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு கவிஞர் கிரெத்தியன் த த்ருவா 'பெர்செவல்' என்ற கதையை எழுதினார். அதில் வரும் 'கிரால்', விருந்தில் உணவு பரிமாறும் அகலமான தட்டு. 1200-ம் ஆண்டு வாக்கில் ராபர்ட் த போரோன் என்ற கவிஞர்தான் அதை இயேசுவின் கிண்ணமாக மாற்றினார். சிலுவையில் இயேசு சிந்திய ரத்தத்தை அரிமத்தியா யோசேப்பு அதில் ஏந்தினார் என்றும் எழுதினார். அடுத்து வந்த ஜெர்மன் கவிஞர் வோல்ஃப்ராம், கிரெயிலை ஒரு கல் என்றே சொல்லிவிட்டார்.

இறந்தவர்களை உயிர்ப்பிக்கும் கொப்பரை பற்றிய பழைய வேல்ஸ் கதைகளில் இருந்து இது வந்திருக்கலாம் என்றும் சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இதை எல்லோரும் ஏற்கவில்லை.

இப்போ எங்கே இருக்கு?

ஸ்பெயினின் வலென்சியா பேராலயத்தில் உள்ள அகேட் கல் கிண்ணம்தான் அது என்று பலர் நம்புகிறார்கள். 1982-ல் போப் இரண்டாம் ஜான் பாலும், 2006-ல் போப் 16-ம் பெனடிக்ட்டும் அதைத் திருப்பலியில் பயன்படுத்தினார்கள். ஆனாலும் அது இயேசுவின் கிண்ணம்தான் என்பதற்கு ஆதாரம் கிடையாது.

இத்தாலியின் ஜெனோவாவில் மரகதம் என்று நம்பப்பட்ட பச்சைப் பாத்திரம் ஒன்று இருக்கு. நெப்போலியன் காலத்தில் பாரிஸுக்குக் கொண்டுபோகப்பட்டு, உடைந்து திரும்பிய அது வெறும் கண்ணாடி!

கிரெயில் உணர்த்துவது என்ன?

பெர்செவல் கதையில், காயத்தால் நடக்க முடியாத ஒரு ராஜாவின் வீட்டில் கிரெயில் இளம் வீரனின் கண்ணெதிரே போகிறது. அதிகம் பேசக்கூடாது என்ற அறிவுரையை நினைத்து அவன் எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ராஜா குணமாகியிருப்பார் என்பது பிறகுதான் அவனுக்குத் தெரியவருகிறது. வோல்ஃப்ராமின் கதை முடிவில் அவன் திரும்பி வந்து, 'உங்களுக்கு என்ன வேதனை?' என்று கேட்கிறான். ராஜா குணமாகிறார்.

அதாவது, கிரெயிலைக் கண்ணால் பார்த்தது மட்டும் அங்கே யாரையும் காப்பாற்றவில்லை. துன்பப்படுபவரிடம் அக்கறையோடு கேட்ட அந்த ஒரு கேள்விதான் காப்பாற்றியது.