ஒரு லோடு ரப்பிஷ்னா எவ்வளவு? டம்ப்ஸ்டர் வராத ஊரின் கதை

இந்த எபிசோடுக்கு விதை போட்டது ஒரு நேயர் அனுப்பிய கேள்வி. அம்பத்தூரில் அப்பா காலத்து வீடு. இரண்டு பாத்ரூம், 200 சதுர அடி ஹால் தரை, ஒரு குறுக்குச் சுவர், எல்லாத்தையும் உடைச்சுப் புதுசா பண்ணப் போறாங்க. இன்டர்நெட்டில் தேடினால் 10 யார்டு டம்ப்ஸ்டர், 20 யார்டு டம்ப்ஸ்டர்னு வருது. "நம்ம ஊர்ல இதுக்கு என்ன சைஸ் எடுக்கணும்?"னு கேட்டிருந்தாங்க.

நம்ம ஊர்ல டம்ப்ஸ்டர் கிடையாது. நம்மகிட்ட இருக்கிற அளவு 'லோடு'. ஆனா ஒரு லோடுன்னா எவ்வளவுன்னு கேட்டுப் பாருங்க. கொத்தனார் ஒண்ணு சொல்வார், டிரைவர் ஒண்ணு சொல்வார். அந்தக் குழப்பத்துக்கு ஒரு வரலாறு இருக்கு. அதுல நம்ம ஏரிகளும் வருது.

முதலில் அமெரிக்காவுக்குப் போயிட்டு வந்துடுவோம். 'டம்ப்ஸ்டர்'ங்கிற சொல் ஒரு ஆளோட பேரிலிருந்து வந்தது. டென்னசி மாநிலத்தில் நாக்ஸ்வில் என்ற ஊர். அங்கே ஜார்ஜ் டெம்ப்ஸ்டர் என்பவர் தன் சகோதரர்களோடு கட்டுமானத் தொழில் செய்துகொண்டிருந்தார். மண்ணையும் கல்லையும் அள்ளி லாரியில் ஏற்றும் நேரம் முழுக்க லாரி சும்மா நிற்கிறதே என்பதுதான் அவர் கவலை. பெட்டியைத் தனியா சைட்டில் விட்டுவிடுவோம், அது நிரம்பினதும் லாரி வந்து இயந்திரக் கையால் தூக்கிக்கொண்டு போகட்டும் என்று ஒரு ஏற்பாட்டை உருவாக்கினார். 1930களில் காப்புரிமை வாங்கினார். டெம்ப்ஸ்டரையும், கொட்டுவதைக் குறிக்கும் 'டம்ப்'பையும் சேர்த்து டெம்ப்ஸ்டர்-டம்ப்ஸ்டர்னு பேர் வெச்சார். பின்னாடி 1950களில் அதே ஊருக்கு மேயராகவும் ஆனார்.

லாரியின் நேரம் விலை உயர்ந்தது, ஆள் கூலியும் உயர்ந்தது. அங்கே அந்தப் பெட்டிக்கு அர்த்தம் இருந்துச்சு. நம்ம பக்கம் கணக்கு வேற. நாலு சித்தாள், பாண்டு, தலையில் சும்மாடு, ஒரு லாரி. ஒரு மணி நேரத்தில் ஏற்றி முடிச்சிடலாம். அதோட தெருவைப் பாருங்க. அம்பத்தூர், ஆவடி லேஅவுட்களில் நிறைய தெரு 20 அடிதான். அங்கே எட்டடி அகலப் பெட்டியை நாலு நாள் போட்டுவெச்சா, பக்கத்து வீட்டுக்காரர் பைக் எடுக்கிறதுக்கு முன்னாடி உங்க வீட்டு வாசல்ல வந்து நிப்பார். பெட்டி இங்கே வேர் பிடிக்காமல் போனதில் ஆச்சரியம் இல்லை.

சரி, நம்ம அளவு எங்கேயிருந்து வந்தது? மாட்டு வண்டியிலிருந்து. செங்கல், சுண்ணாம்பு, ஏரி வண்டல் எல்லாமே ஒரு வண்டி, ரெண்டு வண்டி கணக்குதான். லாரி வந்த பிறகு மணலும் ஜல்லியும் 'யூனிட்' கணக்குக்கு மாறியது. ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. இன்னைக்கும் எம்-சாண்ட் வாங்கினால் யூனிட் கணக்குதான். உள்ளே வரும் சரக்குக்கு இவ்வளவு கறாரான அளவு இருக்கு, பேரம் பேசுறோம், லாரி மேல ஏறி டேப் வெச்சு அளக்கிறோம். வெளியே போகும் இடிபாட்டுக்கு மட்டும் வெறும் 'லோடு'. அதை யாரும் அளக்கிறதில்லை.

ஏன்னா அது ரொம்ப காலம் குப்பையாவே இல்லை. அது சரக்கு.

பழைய மெட்ராஸ் வீட்டை எடுத்துக்கோங்க. தேக்கு உத்தரம், அதுமேல சுண்ணாம்புக் கலவையில் செங்கல்லைக் குத்தவைத்துக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் கூரை. அந்த மாதிரி வீட்டை இடிக்கும்போது கலவை உதிர்ந்து செங்கல் பெரும்பாலும் முழுசா வரும். உத்தரம், கதவு, ஜன்னல் கம்பி எல்லாத்துக்கும் விலை உண்டு. இடிக்கிற கான்ட்ராக்டர் வீட்டுக்காரருக்குப் பணம் கொடுத்து இடிப்பார்! மிச்சம் விழுகிற செங்கல் துண்டு, காரை, மண் இருக்கே, அதுக்குத்தான் 'ரப்பிஷ்'னு பேர். கட்டட வேலை செய்றவங்க வாயில் அது ரப்பீசு. ஆங்கிலத்தில் எல்லா வகைக் குப்பைக்கும் பொதுவான சொல். சென்னையில் அது பள்ளம் தூர்க்க உதவும் ஒரு பொருளின் பேராக மாறிப்போச்சு.

அந்தப் பொருளுக்கு மேற்குப் புறநகரில் பெரிய சந்தை இருந்தது. 1949இல் டிஐ சைக்கிள்ஸ் அம்பத்தூருக்கு வந்தது. 1960களின் தொடக்கத்தில் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை, 1965இல் அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி. அதே பத்தாண்டில் அம்பத்தூர் தொழிற்பேட்டை. வேலைக்கு வந்தவர்கள் மனை வாங்கினார்கள். அவர்கள் வாங்கின நிலத்தில் நிறைய நெல் வயல், ஏரிப் பாசன நிலம், ஏரியை ஒட்டின தாழ்வு. மழைக்காலத்தில் முழங்கால் தண்ணி. வீடு கட்டணும்னா முதல்ல மட்டத்தை உயர்த்தணும். நல்ல கிராவல் மண் விலை அதிகம், ரப்பிஷ் மலிவு. நகரத்துக்குள்ளே ஒரு பழைய வீடு இடிஞ்சா, அதோட உடம்பு புறநகரில் இன்னொரு வீட்டுக்கு அஸ்திவாரப் பள்ளத்தில் போய்ச் சேரும். மோசமான ஏற்பாடுன்னு சொல்ல மாட்டேன். மறுசுழற்சிங்கிற வார்த்தை பிரபலமாகும் முன்னாடியே அது நடந்துக்கிட்டு இருந்தது.

ஆனா அதே பழக்கம் ஏரிக்குள்ளேயும் இறங்கிச்சு. இதுல தனி ஆட்களை மட்டும் குத்தம் சொல்ல முடியாது. 1920களில் மாம்பலத்தின் நீண்ட ஏரியை வடியவிட்டுத்தான் தியாகராய நகர் உருவானது. அரசே காட்டின வழி அது. மேற்கே முகப்பேரில் இன்னைக்கும் முகவரியில் 'ஏரித் திட்டம்'னு எழுதுறாங்க. கடிதம் வீட்டுக்கு வருது, ஏரி முகவரியில் மட்டும் இருக்கு. இதுக்கு முந்தைய நூற்றாண்டுகளில் குடிமராமத்து என்று ஊர் மக்கள் சேர்ந்து ஏரியிலிருந்து வண்டலை வெளியே எடுத்து வயலுக்குக் கொண்டுபோனார்கள். வண்டி போன திசை அப்படியே தலைகீழா மாறிப்போச்சு.

இப்போ கதையில் ஒரு திருப்பம். 1970, 80களில் கட்டின அந்தப் புறநகர் வீடுகளே இப்போ இடிபடுது. தார் ரோடு மேல ரோடு போட்டு, தெரு உயர்ந்து, வீடு கீழே போயிடுச்சு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் கொரட்டூர், அம்பத்தூர் பக்கம் வீட்டுக்குள் தண்ணி வந்தவங்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ஜாக்கி வெச்சு வீட்டைத் தூக்குறவங்களும் இருக்காங்க, இடிச்சு ஃபிளாட் கட்டுறவங்களும் இருக்காங்க. ஆனா இந்த வீடுகளிலிருந்து வருவது சிமென்ட் கலவையும் கான்கிரீட்டும். செங்கல் முழுசா வராது. தூர்க்க வேண்டிய காலி மனையும் குறைஞ்சு போச்சு. சரக்கு அதிகம், வாங்குற ஆள் கம்மி. மிச்சம் எங்கே போகும்? ராத்திரியில் ஏரிக்கரைக்கு, கூவம் ஓரத்துக்கு, பைபாஸ் சர்வீஸ் ரோட்டுக்கு.

இதுல வண்டி சைஸுக்கு நேரடிப் பங்கு உண்டு. 1986இல் டாடா 407 வந்தது, குறுகலான தெருவுக்குள் நுழையும் சின்ன லாரி. 2005இல் டாடா ஏஸ், நம்ம குட்டி யானை. அதுக்கு அப்புறம் வீட்டு ரிப்பேர் இடிபாடுன்னாலே குட்டி யானைதான். எந்தச் சந்திலும் போகும், வாடகை கம்மி. ஆனா அதோட கணக்கைப் பாருங்க. ஆரம்ப கால ஏஸின் பின்பெட்டி சுமார் ஏழடி நீளம், நாலே முக்கால் அடி அகலம், ஒரு அடி உயரம். மட்டமா நிரப்பினால் 33, 34 கன அடி. யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு. உடைச்ச செங்கல், கான்கிரீட் ஒரு யூனிட் சுமார் 4 டன் வரும். அப்போ மட்டமா நிரப்பின ஒரு குட்டி யானையில் 1.3 டன் இருக்கு. அது தூக்க வேண்டியது 750 கிலோ.

புரியுதா? பெட்டி பாதி காலியா இருக்கும்போதே வண்டி நிரம்பிடுச்சு. சைஸ் தேர்வில் எல்லாரும் சறுக்குற இடம் இதுதான். கண்ணு கன அடியைப் பார்க்கும், ஆக்சில் எடையைப் பார்க்கும். டம்ப்ஸ்டர் இருக்கிற அமெரிக்காவிலும் இதே சங்கதிதான். 10 யார்டுன்னா 270 கன அடி, நம்ம கணக்கில் 2.7 யூனிட். கான்கிரீட், செங்கல்னு சொன்னா அங்கே பொதுவா அந்தச் சின்னப் பெட்டியைத்தான் கொடுப்பாங்க. 30, 40 யார்டு பெட்டியெல்லாம் சோபா, மரம், அட்டை மாதிரி இடத்தை அடைக்கிற, எடை இல்லாத சாமானுக்கு. நம்ம தெருமுனையில் நிற்கும் 1,100 லிட்டர் மாநகராட்சித் தொட்டியில் ரப்பிஷைக் கொட்டக்கூடாதுன்னு சொல்றதுக்கும் காரணம் இதேதான். நிரப்பினால் ஒண்ணே கால் டன்னுக்கு மேல போகும். அதைத் தூக்க அந்த லாரியின் கை செய்யப்படலை.

இப்போ நம்ம நேயரோட வீட்டுக்கு வருவோம். பத்துக்குப் பத்து அடி, நாலரை இஞ்ச் குறுக்குச் சுவர்: சுமார் 2 டன். (அதே சுவர் ஒன்பது இஞ்ச்னா 4 டன். ஒரே ஒரு சுவர்!) 200 சதுர அடி தரையில் டைல்ஸும் அடிக் கலவையுமா ரெண்டு இஞ்ச் பெயர்த்தால் இன்னொரு 2 டன் கிட்ட. பாத்ரூம் ஒவ்வொண்ணும் சுவர் டைல்ஸ், பூச்சு, தரை எல்லாம் சேர்த்து ஒன்றரை டன்னை நெருங்கும். மொத்தம் 7 டன். உடைச்சுக் குவிச்சால் ஒண்ணே முக்கால் யூனிட். குட்டி யானை டிரைவர் கண்ணால பார்த்துட்டு "அஞ்சு நடைல முடிச்சிடலாம்"பார். நியாயமான எடையில் ஓட்டினால் அது ஒன்பது, பத்து நடை. 407இல் மூணு நடை. ஆறு சக்கர டிப்பர்னா ஒரே நடை; அதோட பெட்டி 3 யூனிட் பிடிக்கும், ஆனா எடைக்கணக்கில் 10, 11 டன்தான் அதுக்கு அளவு. வீட்டு முன்னாடி குவிச்சு வைக்க இடமும் டிப்பர் திரும்ப வழியும் இருந்தால் நான் டிப்பரைத்தான் சொல்வேன். சந்து வீடுன்னா 407. குட்டி யானை, ஒரு பாத்ரூம் மட்டும் உடைக்கிறவங்களுக்கு, அதுவும் ரெண்டு நடையா.

ஃபிளாட்டில் இருக்கிறவங்களுக்கு இன்னொரு அளவு இருக்கு: காலி சிமென்ட் சாக்கு. கழுத்து வரைக்கும் நிரப்பாம 35, 40 கிலோ போட்டுக் கட்டுங்க, படியில இறக்குறதும் ஒரு மனுஷன்தானே. அப்படி 25, 28 சாக்கு சேர்ந்தால் ஒரு டன்.

அந்த ஒரு டன்னுக்கு ஒரு முக்கியத்துவம் உண்டு. சென்னை மாநகராட்சி எல்லைக்குள் வீட்டு இடிபாட்டை 1 டன் வரைக்கும் இலவசமாகக் கொடுக்கலாம். 1913க்குப் போன் பண்ணிக் கேட்டால் வழி சொல்வாங்க. அதுக்கு மேல போனால் கட்டணம். ஆனா "எல்லைக்குள்"ங்கிற வார்த்தையைக் கவனிங்க. 2011இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியில் சேர்ந்து ஏழாவது மண்டலம் ஆனது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சி ஆனது. பூந்தமல்லி நகராட்சியாக வளர்ந்த ஊர். மூணு ஊரும் அடுத்தடுத்து இருந்தாலும் மூணு அலுவலகம், மூணு விதி. குப்பை லாரிக்கு மட்டும் எல்லைக்கோடு தெரியாது.

மத்திய அரசு விதி 2016இல் வந்தது. அந்த 2016 விதிப்படி, ஒரே நாளில் 20 டன்னோ அதுக்கு மேலோ, அல்லது ஒரு திட்டத்துக்கு மாதம் 300 டன்னோ இடிபாடு உண்டாக்கினவங்க வகை பிரிச்சு, முன்கூட்டியே திட்டம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அது பெரிய பில்டருக்கு மட்டும்னு இருக்கலை. 2001இல் டைஃபாக் என்ற மத்திய அரசு அமைப்பு ஒரு கணக்கு சொன்னது. பக்கா கட்டடத்தை இடித்தால் சதுர மீட்டருக்கு 500 கிலோ. அந்தக் கணக்குப்படி 800 சதுர அடி வீட்டை ஜேசிபி வெச்சு ஒரே நாளில் சாய்ச்சால் 37 டன்.

இதைச் சென்னையில் அரைத்து மணலும் ஜல்லியுமா மாற்றும் நிலையங்கள் கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் இருக்கு, ஒவ்வொண்ணும் நாளைக்கு 400 டன் திறன். ஒண்ணு நகரத்தோட வடக்கு முனை, இன்னொண்ணு தெற்கு முனை. ஆவடியிலிருந்தோ பூந்தமல்லியிலிருந்தோ 750 கிலோ ஏற்றிக்கிட்டு ஒரு குட்டி யானை அவ்வளவு தூரம் டீசல் போட்டுப் போகுமா? நடைக்குக் காசுன்னு பேசின டிரைவருக்குக் கிட்ட இருக்கிற பள்ளம்தான் லாபம். பெரிய வண்டியில் ஒரே நடையா அனுப்பினால்தான் அந்தத் தூரம் கட்டுப்படியாகும். நான் டிப்பரைச் சொன்னதுக்குப் பாதிக் காரணம் இதுதான்.

அதனால வாடகை பேசும்போதே எங்கே கொட்டுவீங்கன்னு கேளுங்க. நிலையத்தில் கொடுத்த ரசீதைக் காட்டினால்தான் மிச்சப் பணம்னு முதல்லயே சொல்லிடுங்க. தெர்மாகோல், மரம், பிளாஸ்டிக் பைப்பை ரப்பிஷோட கலக்காதீங்க, கலந்தால் அரைக்க முடியாது. பழைய கல்நார் ஷீட் இருந்தால் உடைக்காம, ஈரப்படுத்தி, முழுசா இறக்குங்க. அதோட தூசி நுரையீரலுக்கு ஆகாது.

வீட்டைக் காலி பண்ணும்போது வரும் பீரோ, ஃபேன், பேப்பர் கட்டு இதெல்லாம் இந்தக் கணக்கிலேயே வராது. அதெல்லாம் காயலான் கடை சமாச்சாரம். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த காலத்திலிருந்து அதுக்குத் தனி வரலாறு இருக்கு. அதை அடுத்த எபிசோடில் பேசலாம்.