குமிழைத் திருப்பியவர்கள்

அரசு வானொலிக்குக் கேட்பவர்கள் குறைந்துபோனதற்கு முகநூலையும் யூட்யூபையும் குற்றம் சொல்வது வழக்கமாகிவிட்டது. எனக்கு இது பாதி உண்மையாகத்தான் படுகிறது. ஜனங்கள் முதலில் விலகிப்போனது 1952ல்.

அந்த வருஷம் தகவல் ஒலிபரப்பு மந்திரியான பி. வி. கேஸ்கர் (1962 வரை அவர்தான்), சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கிறது என்று தீர்மானித்தார். அதற்கான நேரம் சுருக்கப்பட்டது. படத்தின் பெயரைச் சொல்வது விளம்பரம் என்று அதையும் நிறுத்தினார்கள். தயாரிப்பாளர்கள் கோபித்துக்கொண்டு அனுமதியை வாபஸ் வாங்க, சினிமாப் பாட்டு அகில இந்திய வானொலியிலிருந்து அநேகமாக மறைந்தே போயிற்று. கேட்பவன் மனு எழுதவில்லை. குமிழைத் திருப்பினான். யுத்த காலத்தில் நேச நாட்டுப் படைகளுக்காக இலங்கையில் நிறுவப்பட்ட சிற்றலை ஒலிபரப்பி ரேடியோ சிலோன் கையில் இருந்தது. ஹிந்திக்காரர்களுக்கு அமீன் சயானியின் பினாகா கீத்மாலா. நமக்கு இலங்கையின் தமிழ் வர்த்தக ஒலிபரப்பு. 1957 அக்டோபர் 3ல் விவித் பாரதி தொடங்கப்பட்டது இந்தத் தோல்வியை ஒப்புக்கொண்டதுதான். ஆனால் பாட்டு விஷயத்தில் மட்டும்.

கேஸ்கரைக் கேலி செய்வது சுலபம். எனக்கு அதில் மனமில்லை. சங்கீதத்துக்கான தேசிய நிகழ்ச்சி அவர் காலத்தில் வந்தது. சமஸ்தானங்கள் போய் நிராதரவாக நின்ற வித்வான்கள் பலருக்கு வானொலிதான் சோறு போட்டது. தி. ஜானகிராமன், அகிலன், சுகி சுப்பிரமணியன் எல்லோரும் அங்கே வேலை பார்த்தவர்கள். மேலும், சில நூறு பிரதிகள் அச்சடித்துவிட்டு அதிலும் பாதியை இனாமாகக் கொடுக்கும் நாம், கேட்பவர் குறைவு என்பதை ஒரு குற்றமாகச் சொல்ல யோக்யதை இல்லாதவர்கள். குற்றம், கேட்பவனைத் திருத்தப்பட வேண்டியவனாகவே பார்த்ததில் இருக்கிறது. செய்தியில் அந்தப் பார்வை கடைசிவரை நீடித்தது.

நெருக்கடி நிலையில் வானொலி பட்ட பாட்டுக்குப் பிறகு, 1978ல் வர்கீஸ் குழு சுதந்திரமான ஓர் அறக்கட்டளையைச் சிபாரிசு செய்தது. அது நடக்கவில்லை. பிரசார் பாரதி சட்டம் 1990ல் வந்தது, அமலுக்கு வந்தது 1997ல். நடுவில் ஏழு வருஷத் தூக்கம். அலைவரிசைகள் பொதுச் சொத்து, அரசின் ஏகபோகம் அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1995ல், அந்தத் தூக்கத்தின் போதுதான். ஆனாலும் 2011ன் பண்பலைக் கொள்கை, தனியார் நிலையங்கள் அரசு வானொலியின் செய்தியை மட்டும், அதையும் மாற்றாமல், ஒலிபரப்பலாம் என்றது. ஃபேஸ்புக்கும் ட்விட்டரும் அப்போதே இங்கே வந்துவிட்டன. அங்கே எவனும் எதையும் செய்தி என்று சொல்லலாம், உரிமம் வேண்டாம். மாடு மேய்ந்துவிட்டுப் போன வயலுக்குப் போட்ட வேலிதான் இந்தக் கொள்கை.

சரிபார்த்த செய்தியின் தேவை இன்றுபோல் என்றும் இருந்ததில்லை என்பதுதான் வேதனை. ஊர் ஊராக நிருபர்களும், இத்தனை மொழிகளும், சம்பளம் பெறும் செய்தி ஆசிரியர்களும் உள்ள ஸ்தாபனம் அது ஒன்றுதான். அதைச் சொந்தக் குரலில் பேச விட்டிருந்தால், வாட்ஸப் வதந்தியைக் கேட்டவன் உடனே குமிழை இந்தப் பக்கம் திருப்பிச் சரிபார்த்திருப்பான். 2024 நவம்பரில் பிரசார் பாரதி ‘வேவ்ஸ்’ செயலியைத் தொடங்கியபோது முன்னால் வைத்தது பழைய ராமாயணத்தையும் மகாபாரதத்தையும்.