தவறணையும் கச்சேரியும்

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே அமைந்த எழுவான்கரை ஊர்களுள் தேற்றாத்தீவும் ஒன்று. தென்னை செழித்த இக்கரையைப் போன்றே ஈழத்தின் ஏனைய கரையோரங்களிலும் கள்ளும் சாராயமும் விற்கும் தவறணைகள் நிலவின. ஐரோப்பியர் வழிவந்த 'தவறணை' என்னும் இச்சொல்லைத் 'தவறு' என்பதோடு இணைத்துக் காணத் தோன்றுவது இயல்பே. ஆயின், தவறு எவருடையது என்பதே வரலாற்று மாணவன் எழுப்பவேண்டிய வினாவாகும்.

தவறணையின் அவப்பெயரைச் சுமந்தவர்கள் மரமேறிய தொழிலாளரும் குடித்த கூலியாளருமே. தவறணையோ அவர்களால் தோன்றியதன்று. ஒல்லாந்தர் காலத்திற் காணப்பட்ட சாராயக் குத்தகை முறையை ஆங்கிலேயரும் கைக்கொண்டனர். குறித்த பகுதியில் சாராயம் விற்கும் தனியுரிமையைக் கச்சேரியில் ஏலமிட்டனர். கூடிய விலை கேட்டவனுக்கே உரிமை கிடைத்தது. அவன் அதனைப் பலருக்குப் பகிர்ந்து உட்குத்தகைக்கு விட்டான். கொடுத்த பணத்தை மீட்கக் குடியைப் பெருக்குவதன்றி அவர்களுக்கு வேறு வழியில்லை. ஏலத்தொகை உயர்ந்தபோது அரசு மகிழ்ந்தது. மொறட்டுவையைச் சேர்ந்த ஜெரோனிஸ் டி சொய்சா இத்தகைய குத்தகைகளாற் பெருஞ்செல்வம் ஈட்டிக் கோப்பித் தோட்டங்களை வாங்கியதோடு முதலியார் பட்டமும் பெற்றார். மரமேறியவனுக்கு இழிவும் குத்தகைக்காரனுக்குப் பட்டமும் கிடைத்தமை மனங்கொளத்தக்கது.

1904இல் மதுவிலக்கு இயக்கம் எழுச்சிபெற்றது. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் பழைய குத்தகை முறையை மாற்றியமைத்தது. ஆனால் அதனோடு கள்ளுக்கெனத் தனித் தவறணைகளும் பெருந்தொகையாகத் திறக்கப்படலாயின. சீர்திருத்தம் என்ற பெயரில் வந்த இம்மாற்றம் மக்களின் வெறுப்பையே வளர்த்தது. கூட்டங்கள் பெருகின, அரசு அவற்றில் அரசியலைக் கண்டு அஞ்சியது. அவ்வச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டு, எப். ஆர். சேனநாயக்கா, டி. எஸ். சேனநாயக்கா, டி. பி. ஜயதிலக்கா முதலிய மதுவிலக்குத் தலைவர்கள் சிறையிடப்பட்டனர். சேர். பொன். இராமநாதன் சட்டநிரூபண சபையில் இவ்வடக்குமுறையை வன்மையாகக் கண்டித்தார்.

பின்னர் உள்ளூர் வாக்கெடுப்பின் மூலம் தவறணைகளை மூடும் உரிமை ஊரவர்க்குக் கிடைத்தது. பல ஊர்களில் தவறணைகள் அவ்வாறே மறைந்தன. மதுவரித் திணைக்களம் இன்றும் இயங்கி வருகிறது.