பஸ்ஸுக்கு ஒரு பாதை

பஸ் மெதுவாகப் போனால் டிரைவரையும் இயந்திரத்தையும் குறை சொல்வது நம் வழக்கம். உண்மையில் பஸ்ஸைத் தாமதப்படுத்துகிறவர்கள் வேறு இருவர். ஒருவர், முன்னால் காரில் நிற்கும் கனவான். மற்றவர், படியில் நின்றபடி சில்லறை தேடும் பிரயாணி. இந்தச் சாதாரண விஷயத்தைக் கண்டுகொண்டு ஒரு நகரத்தையே மாற்றி அமைத்தார்கள், பிரேசில் தேசத்துக் குரிடிபா நகரத்தார்.

1970-இல் அங்கே ஜனத்தொகை சுமார் 6 லட்சம். அது வேகமாகப் பெருகி வந்தது. சுரங்க ரயில் போடுவதற்கோ பணம் இல்லை. 1971-இல் மேயரான ஜைமி லெர்னர் என்ற கட்டடக் கலைஞரும் அவர் சகாக்களும், ரயிலுக்குள்ள சௌகரியங்களைப் பஸ்ஸுக்கே கொடுத்துவிடுவது என்று தீர்மானித்தார்கள். 1974-இல் பெருஞ்சாலையின் நடுவே பஸ்ஸுக்கென்றே தனிப்பாதை திறந்தார்கள். கார்கள் இருபுறமும் ஒதுங்கின. அந்தச் சாலையோரங்களில்தான் உயர்ந்த மாடிக் கட்டடங்களுக்கு இடம் கொடுத்தார்கள். ஆகவே ஜனங்கள் பஸ்ஸைத் தேடி வந்து குடியேறினார்கள்.

1991-இல் கண்ணாடிக் குழாய் போன்ற நிறுத்தங்கள் வந்தன. வாசலிலேயே கட்டணம் செலுத்திவிட்டு உள்ளே போய் நிற்கலாம். நிற்கும் தளமும் பஸ்ஸின் தளமும் ஒரே உயரம். ஏறுவதற்குப் படியே கிடையாது. மறு வருஷம் மூன்று பெட்டிகளை இணைத்தாற்போன்ற பஸ்கள் ஓடத் தொடங்கின. ஒன்றில் 270 பேர் போகலாம்.

எல்லாம் சரி. ஆனால் ஒரு விஷயம் என்னை உறுத்துகிறது. பிரேசிலில் அப்போது ராணுவ ஆட்சி. லெர்னர் முதல் தடவை பதவிக்கு வந்தது நியமனத்தால், தேர்தலால் அல்ல. 1972-இல் வியாபாரிகள் ஆட்சேபித்தபோதும், பிரதான கடைவீதியில் வண்டிகளை நிறுத்தி நடப்பவர்களுக்கு விட்டார். வெள்ளிக்கிழமை தொடங்கிய வேலை 72 மணி நேரத்தில் முடிந்தது. வோட்டுக் கேட்டு வரவேண்டியவருக்கு இந்தத் தைரியம் வருமா?

டில்லியைப் பார்த்தால் வராது என்றே தோன்றும். 2008-இல் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டருக்குப் பஸ் பாதை போட்டார்கள். காரில் போகிறவர்கள் கூக்குரலிட்டார்கள். 2012-இல் ஹைகோர்ட் பாதையின் பக்கம் தீர்ப்புச் சொல்லியும், 2016-இல் அதைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள்.

ஆனால் கொலம்பியாவின் தலைநகரான பொகோடாவில், ஜனங்கள் தேர்ந்தெடுத்த மேயரான என்ரிக்கே பெனலோசா 2000 டிசம்பரில் இதே மாதிரிப் பாதையைத் திறந்தார். அது இன்றும் நகரத்தைச் சுமக்கிறது. ஆக, ஜனநாயகத்தின்மேல் பழி போட நியாயமில்லை.

வோட்டுக்களை எண்ணினால் பஸ் பிரயாணிகளே அதிகம். ஆனால் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுகிறவர்களும், நாவல் எழுதுகிறவர்களும், அவற்றை வாங்கிப் படிக்கிறவர்களும் பெரும்பாலும் காரில் போகிறவர்கள். சர்க்காரின் காதில் முதலில் விழுவது நம்முடைய ஹாரன் சத்தம்தான்.