ராஜா, துரோகம், டவுலாட்: அதிகாரத்துக்கு எல்லை போட்ட ஒரு பழைய வாக்குறுதி பேராக்கில் இன்றும் ஏன் பேசப்படுகிறது?

பள்ளியில் வரலாற்றுத் தேர்வுக்காக டெமாங் லேபார் டாவுன் என்ற பெயரை மனப்பாடம் செய்திருப்பீங்க. ஓர் அரசருக்கும் அவருக்கும் இடையே ஒரு வாக்குறுதி, அதற்கு இரண்டு மதிப்பெண். தேர்வு முடிந்ததும் மறந்தும் போயிருப்பீங்க.

ஆனால் அந்த வாக்குறுதி எழுப்பும் கேள்வி பழசாகவில்லை. ஆட்சி செய்யும் உரிமை ஒருவருக்கு எங்கிருந்து வருகிறது? அவர் அநியாயம் செய்தால் மக்கள் என்ன செய்யலாம்? ஈப்போ தெருக்களில் 2009இல் கேட்டதும் ஏறக்குறைய இதே கேள்விதான். சுருக்கமாகப் பார்ப்போம்.

முதலில் சில சொற்கள்

மலாய் மொழியில் அதிகாரம் பற்றிய சொற்கள் பலவற்றை நமக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. ராஜா, மெந்திரி ரெண்டும் நமக்குத் தெரிந்த சொற்கள். அரசருக்கு எதிரான பெருங்குற்றம் 'டெர்ஹாக்கா', அதாவது நம்ம 'துரோகம்'. இரண்டுக்கும் சமஸ்கிருதமே வேர். கடற்படைத் தலைவரைக் குறிக்கும் 'லக்சமானா' யார் பெயர் என்று சொல்லவே வேண்டாம். அரசாங்கத்தைக் குறிக்கும் 'கெராஜாஆன்' என்ற சொல்லுக்குள்ளும் ராஜா உட்கார்ந்திருக்கிறார். ராஜா இல்லாமல் ஓர் ஆட்சியைக் கற்பனை செய்யாத காலத்துச் சொல் அது.

'டவுலாட்' மட்டும் அரபு வழி வந்தது. அரச விழாக்களில் "டவுலாட் துவாங்கு" என்ற முழக்கத்தைத் தொலைக்காட்சியில் கேட்டிருப்பீங்க. அரசரிடம் குடிகொண்டிருக்கும் புனித ஆற்றல் என்பது அதன் பழைய பொருள். அதை மீறுகிறவர்களைக் கேடு தானாகவே தாக்கும் என்று மக்கள் நம்பினார்கள்.

அந்த வாக்குறுதி என்ன சொல்கிறது?

இந்தக் கதை வருவது 'செஜாரா மெலாயு' நூலில். 15ஆம் நூற்றாண்டு மலாக்கா அரசவையின் நினைவுகளைச் சுமக்கும் நூல் இது. நமக்குக் கிடைக்கும் வடிவம் 1612ஐ ஒட்டி ஜொகூரில் உருவானது. தொகுத்தவராகப் பொதுவாகச் சொல்லப்படுபவர் பெண்டஹாரா துன் ஸ்ரீ லானாங். யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் 2001இல் இந்நூல் இடம்பெற்றது.

பலெம்பாங்கின் தலைவர் டெமாங் லேபார் டாவுன். அவருடைய மகளை மணக்கக் கேட்கிறார் ஸ்ரீ திரி புவானா. மலாய் அரச மரபின் மூதாதையாக நூல் காட்டும் இளவரசர் இவர். டெமாங் உடனே தலையாட்டவில்லை, நிபந்தனை வைக்கிறார்.

அவர் கேட்டவை: என் வழித்தோன்றல்கள் உங்கள் குடிகளாக இருப்பார்கள். அவர்களை நன்றாக நடத்த வேண்டும். எவ்வளவு பெரிய தப்பு செய்தாலும் அவர்களை அவமானப்படுத்தக் கூடாது, இழிசொல்லால் ஏசக் கூடாது. மரண தண்டனைக்குரிய குற்றம் என்றால், அதைச் சமயச் சட்டம் முடிவு செய்யட்டும்.

இளவரசர் ஒப்புக்கொண்டு, பதிலுக்கு ஒன்று கேட்கிறார்: என் வழித்தோன்றல்கள் கொடியவர்களாக இருந்தாலும், உங்கள் வழித்தோன்றல்கள் அவர்களுக்குத் துரோகம் செய்யக் கூடாது.

டெமாங் சரி என்கிறார், ஆனால் கடைசியில் ஒரு கொக்கி போடுகிறார். உங்கள் தரப்பு முதலில் வாக்கை மாற்றினால், எங்கள் தரப்பும் மாற்றும். வாக்கை மீறுகிறவர் வீடு தலைகீழாகட்டும், கூரை கீழேயும் தூண் மேலேயும் போகட்டும் என்று இருவரும் சத்தியம் செய்கிறார்கள்.

கொடிய அரசரையும் எதிர்க்காதே என்பது ஒரு பக்கம், அரசர் முதலில் மீறினால் ஒப்பந்தம் முறிந்தது என்பது மறுபக்கம். இரண்டும் ஒரே பேச்சில் வருகின்றன. எது மேலே, எது கீழே என்று நூல் தீர்ப்பு சொல்வதில்லை. அதனால்தான் நூற்றாண்டுகளாக விவாதம் தொடர்கிறது.

முதல் நிபந்தனை சோறு பற்றியோ நிலம் பற்றியோ இல்லை, மானம் பற்றியது என்பதைக் கவனிச்சீங்களா? பேராக் ரப்பர் தோட்டங்களில் வேலை செய்த குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இது உடனே உறைக்கும். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நின்றது. கங்காணி வழி ஆள் வரவு 1938 வரை இருந்தது. அந்தக் காலத்துத் தோட்டத்தில் துரையின் சொல்தான் சட்டம். கிராணியின் ஏச்சை வாங்கிக்கொண்டு பால்மரம் வெட்டப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் நாம. ஏசாதே என்பதை ஓர் அரசியல் நிபந்தனையாகவே வைக்கலாம் என்று ஒரு பழைய நூல் சொல்வது சின்ன விஷயமில்லை.

வாக்கு மீறப்பட்டபோது: மலாக்கா, 1510

நூலின் கடைசிப் பகுதியில் இந்த வாக்குறுதிக்குச் சோதனை வருகிறது. அப்போது சுல்தான் மஹ்மூட் ஷா. அவருடைய பெண்டஹாரா, அதாவது முதல் அமைச்சர், துன் முத்தாஹிர். இவருடைய பாட்டனார் மணி புரிண்டான் இந்தியாவிலிருந்து மலாக்கா வந்தவர் என்கிறது நூல். தமிழ் முஸ்லிம் வழி வந்த குடும்பம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

துறைமுக அதிகாரி ராஜா மெண்டெலியார், வணிகத் தலைவர் நினா சூரா டேவானா இருவருக்கும் தகராறு. பெயர்களிலேயே முதலியாரும் நயினாவும் தெரிகிறார்களா? வழக்கு பெண்டஹாராவிடம் போகிறது. நினா அவருக்குப் பொன் கொடுத்த செய்தி எதிர்த் தரப்புக்குக் கசிகிறது. பயந்துபோன ராஜா மெண்டெலியார், பெண்டஹாரா அரியணையைப் பிடிக்கத் திட்டமிடுகிறார் என்று லக்சமானா வழியாக சுல்தான் காதில் போடுகிறார். துன் முத்தாஹிரின் மகள் துன் பாத்திமாவை முன்பே தமக்குக் கட்டிக்கொடுக்கவில்லை என்ற கோபமும் சுல்தானுக்கு இருந்தது. விசாரணையே இல்லாமல் பெண்டஹாராவின் குடும்ப ஆண்கள் கொல்லப்பட்டார்கள்.

அவருடைய ஆட்கள் எதிர்த்து நிற்கத் தயாராக இருந்தார்கள். துன் முத்தாஹிர் தடுத்துவிட்டார், துரோகி என்ற பெயர் வேண்டாம் என்று. பின்னர் குற்றச்சாட்டு பொய் என்று தெரிந்து, சுல்தான் பொய் சொன்னவர்களைத் தண்டித்தார். மகன் அஹ்மட்டிடம் ஆட்சியைக் கொடுத்து ஒதுங்கினார். 1511இல் போர்த்துகீசியர்கள் மலாக்காவைப் பிடித்தார்கள்.

அரசர் வாக்கை மீறினார், வீடு தலைகீழானது என்று நூல் எங்கும் நேரடியாகச் சொல்வதில்லை. சம்பவங்களை வரிசையாக வைத்துவிட்டு விலகிக்கொள்கிறது. துன் ஸ்ரீ லானாங் அதே துன் முத்தாஹிரின் வம்சத்தில் வந்தவர் என்பதை நினைத்துப் பாருங்க, அந்த மௌனத்தின் கனம் புரியும்.

உலகம் அப்போது என்ன யோசித்தது?

இது மலாய் உலகத்துக்கு மட்டுமான கவலை இல்லை. இங்கிலாந்தில் 1215இல் ஜான் மன்னர் 'மாக்னா கார்ட்டா'வுக்கு ஒப்புதல் தந்தார். அரசரும் சட்டத்துக்குள்தான் என்ற எண்ணம் அதிலிருந்து வளர்ந்தது. இத்தாலியின் பாதுவா நகரைச் சேர்ந்த மார்சிலியஸ் 1324இல் இன்னும் ஒரு படி மேலே போனார். சட்டம் இயற்றும் உரிமை மக்கள் கூட்டத்துடையது, ஆள்பவர் தப்பு செய்தால் திருத்தும் உரிமையும் அவர்களுடையதே என்று எழுதினார்.

நம்ம பக்கம் பார்த்தால், திருக்குறளில் செங்கோன்மை, கொடுங்கோன்மை என்ற இரண்டு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. சிலப்பதிகாரத்துப் பாண்டியன் விசாரிக்காமல் கோவலனைக் கொன்று, உண்மை தெரிந்ததும் உயிர் விடுகிறான். விசாரிக்காத தண்டனை ஆட்சியையே சாய்க்கும் என்பதில் மதுரையும் மலாக்காவும் ஒத்துப்போகின்றன.

இதில் பேராக் எங்கே வருகிறது?

மஹ்மூட் ஷாவின் மகன்களில் ஒருவர் முஸாஃபர். துன் பாத்திமாவுக்குப் பிறந்த மகன் ஜொகூரில் அரசரானார். முஸாஃபர் பேராக் வந்து 1528இல் இங்கே முதல் சுல்தானானார். மலாக்கா மரபு இங்கே வேர் விட்டது இப்படித்தான். இன்றைய சுல்தான் நஸ்ரின் ஷா அந்த வரிசையில் 35ஆவது.

செஜாரா மெலாயு அரச வம்சக் கதையில் ராஜா சூலான் என்ற பெயர் வருகிறது. சோழர் நினைவைத் தாங்கிய பெயர் அது. பேராக் அரச குடும்பத்தில் அந்தப் பெயர் நீடித்தது. 18ஆம் நூற்றாண்டில் 'மிசா மெலாயு' எழுதியவரும் ஒரு ராஜா சூலான்தான். கோலாலம்பூரின் ஜாலான் ராஜா சூலான், பேராக்கின் சுல்தான் அப்துல்லாவின் மகன் பெயரால் அமைந்தது.

அந்த சுல்தான் அப்துல்லா காலத்தில்தான் அதிகாரம் கை மாறியது. 1874 ஜனவரி 20இல் பங்கோர் ஒப்பந்தம். சமயமும் மலாய் வழக்கமும் தவிர மற்ற எல்லாவற்றிலும் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஆலோசனையைக் கேட்டு நடக்க வேண்டும் என்றானது. முதல் ரெசிடெண்ட் பெர்ச் 1875 நவம்பரில் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். அப்துல்லா சேஷெல்ஸ் தீவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

2009: அதே கேள்வி, புதிய இடம்

இன்று வாக்குறுதியின் இடத்தில் அரசியலமைப்பு இருக்கிறது. பேராக்கில் மந்திரி பெசாரை நியமிப்பதும், சட்டமன்றத்தைக் கலைக்கும் கோரிக்கையை ஏற்பதும் மறுப்பதும் சுல்தானின் விருப்புரிமை.

2008 தேர்தலில் பக்காத்தான் கூட்டணி 59 இடங்களில் 31ஐ வென்றது. 2009 பிப்ரவரியில் மூன்று உறுப்பினர்கள் விலகினார்கள். மந்திரி பெசார் நிஜார் ஜமாலுடின் சட்டமன்றத்தைக் கலைக்கக் கேட்டார். அப்போதைய சுல்தான் அஸ்லான் ஷா அதை ஏற்கவில்லை. பிப்ரவரி 6இல் ஜம்ரி அப்துல் காடிர் மந்திரி பெசாரானார். மார்ச் 3இல் சபாநாயகர் வி. சிவகுமார் ஈப்போவில் ஒரு மரத்தடியில் சட்டமன்றக் கூட்டத்தை நடத்தினார். 2010 பிப்ரவரி 9இல், ஜம்ரியே சட்டப்படியான மந்திரி பெசார் என்று கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெரும்பான்மை இழப்பைச் சட்டமன்ற வாக்கெடுப்பில் மட்டுமே காட்ட வேண்டும் என்பதில்லை என்றது.

ஒரு தரப்பு அரசரின் உரிமையைப் பேசியது, மறு தரப்பு வாக்காளரின் உரிமையைப் பேசியது. உங்களுக்கு எது சரியாகப் பட்டாலும் ஒன்றைக் கவனிக்கலாம். விவாதம் எவ்வளவு சூடாக இருந்தாலும் கடைசியில் போய் நின்றது சட்டத்தின் முன்னால். இதே அஸ்லான் ஷா 1970களின் கடைசியில் நீதிபதியாக எழுதிய ஒரு தீர்ப்பு இன்றும் சட்ட வகுப்புகளில் படிக்கப்படுகிறது. எல்லையே இல்லாத அதிகாரம் என்று சட்டத்தில் ஒன்று இருக்க முடியாது என்பது அதன் சாரம்.

உங்களுக்கு இதில் என்ன?

18 வயதானவர்கள் 2021 டிசம்பரிலிருந்து வாக்காளர்கள். டெமாங் லேபார் டாவுன் தன் மக்களுக்காக ஒரே ஒரு முறை பேரம் பேசினார். நமக்கு ஒவ்வொரு தேர்தலிலும் அந்த வாய்ப்பு வருது. அவர் கேட்ட மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்: எங்களை நன்றாக நடத்துங்கள், அவமானப்படுத்தாதீர்கள், விசாரிக்காமல் தண்டிக்காதீர்கள். அவர் அதைக் கேட்டது துரோகியாக இல்லை, குடிமகனாக.