ஒரு திரை, பத்துப் பிள்ளைகள்

சென்ற கோடையில் எங்கள் பட்டினச்சேரி வீட்டுத் திண்ணையில் பத்துப் பிள்ளைகளுக்கு நிரல் எழுதப் பழக்கலாம் என்று உட்கார்ந்தேன். இருந்தது பேரனின் பழைய மடிக்கணினி ஒன்றுதான். அதை டி.வி.யில் இணைத்தோம். எந்த மொழியில் பழகுவது என்று கேள்வி வந்தது. "பைத்தான்தான் தாத்தா" என்றான் பேரன். சரி என்றேன். முதல் நாள் இரண்டு பேர் தட்டினார்கள். எட்டுப் பேர் வேடிக்கை பார்த்தார்கள்.

இந்தக் கேள்வி புதிதல்ல. அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் கெமெனியும் கர்ட்ஸும் 1964இல் பேசிக் மொழியைக் கொண்டுவந்தது, கணிதமோ அறிவியலோ படிக்காத மாணவரும் கணினியைத் தொடவேண்டும் என்பதற்காக. ஆனால் அதன் சொற்கள் ஆங்கிலம்.

1954 வரை நம் காரைக்காலை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் வேறு வழி போனார்கள். 1970களில் 58 லிசே பள்ளிகளில் கணினி வைத்தபோது, எல்.எஸ்.இ. என்ற மொழியைப் பிரெஞ்சுச் சொற்களிலேயே அமைத்தார்கள். 'இருந்தால்' என்பதற்கு 'ஸி', 'காட்டு' என்பதற்கு 'அஃபிஷே'. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நம்மூர்ப் பெரியவர்களுக்கும் புரிந்திருக்கும். 1980களில் மற்ற மொழிகள் பரவ, அது மங்கிப்போனது.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே பாரிஸில் 'கோடிங் டோஜோ' என்ற கூட்டுப் பயிற்சி தொடங்கியது. அதில் ஒரு முறை உண்டு. ஒரே கணினி, ஒரே திரை. இருவர் எழுதுவார்கள், சில நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறும். பார்ப்பவருக்குப் புரியாவிட்டால் எழுதுபவர் நிறுத்தி விளக்கவேண்டும். இதைப் படித்தபோதுதான் என் தவறு தெரிந்தது. கெட்டிக்காரப் பிள்ளைக்கு எது நல்லது என்று பார்த்தேனே தவிர, திரையைப் பார்க்கும் அத்தனை பேருக்கும் எது புரியும் என்று பார்க்கவில்லை.

மறுவாரம் 'எழில்' மொழிக்கு மாறினோம். முத்தையா அண்ணாமலை உருவாக்கிய தமிழ் நிரல்மொழி அது. 2009இல் அதைப்பற்றிக் கட்டுரையும் வெளியிட்டார். உள்ளே இயங்குவது பைத்தான்தான். அச்சிட 'பதிப்பி', நிபந்தனையை முதலில் எழுதி, பிறகு 'ஆனால்' போடவேண்டும், நாம் பேசுகிற வரிசையிலேயே.

மீன் விற்ற பணத்தில் செலவைக் கழித்துப் பங்கு பிரிக்கும் கணக்கை எழுதினோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் அல்லவா, அப்பாக்களும் வீட்டில்தான். ஒரு பெண்பிள்ளை 'மீதி = விற்பனை - டீசல்' என்று தட்டியதும், வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்த அவள் அப்பா நிமிர்ந்து பார்த்து, "ஐஸ் காசு எங்கம்மா?" என்றார். கணினியைத் தொட்டறியாத மனிதர், நிரலில் பிழை கண்டுபிடித்துவிட்டார்!

"காலேஜுக்குப் போனா பைத்தான்தானே கேப்பாங்க?" என்றான் பேரன். அதுவும் நியாயமே. கடைசி வாரம் அதே பங்குக் கணக்கைப் பைத்தானில் எழுதினோம். இந்த முறை தட்டியவர்கள் ஏழு பேர்.